பதினொரு மணிக் குரல்

பிரோத் ஊரில் யார் செத்தாலும் காலை பதினொரு மணிக்குத்தான் செத்ததாக அர்த்தம். உயிர் முந்தின நாளே போயிருக்கலாம். வீட்டுக் கதவிலும் தெருமுனை மரத்திலும் கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒட்டியாகியிருக்கலாம். ஆனாலும் உள்ளூர் வானொலியில் செய்தி முடிந்து, அழுமூஞ்சி வயலின் அரை நிமிடம் ஓடி, சோதிரின் குரல் அந்தப் பெயரைச் சொல்கிற வரைக்கும் ஆளை யாரும் முழுசாகப் போனவராக எண்ணுவதில்லை.

அந்தக் குரலுக்கு ஊரில் நல்ல பெயர். கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஆழம், விளிம்பில் லேசாக ஒரு கரகரப்பு. "இந்த மனுஷன் படிப்பாருன்னா சாகறதுல ஒண்ணும் நஷ்டமில்ல" என்று சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே பெண்கள் பேசிக்கொள்வார்கள். பக்கத்துக் கடையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருக்கும் சோதிர் அதைக் கேட்டுப் பூரித்துப்போவார். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். வெங்காயத்தைக் கூட விரலால் காட்டித்தான் வாங்குவார்.

காரணம், வாயைத் திறந்தால் வருவது வேறு குரல். ஆட்டுக்குட்டியின் குரல். நாற்பது வயதில்கூட அவர் தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில், "கண்ணு, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடு" என்பார்கள். அவரும் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, மறுபடி எடுத்து "சொல்லுங்க" என்பார். "இன்னும் வரலையாம்மா?" என்பார்கள். ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்தபோது காவல் நின்ற முதல் நாளே, "நில்! யாரங்கே?" என்று அவர் போட்ட அதட்டலில் எதிரே வந்த அதிகாரி சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எதிரியை இப்படியும் வீழ்த்தலாம் என்று படைப்பிரிவில் வெகுநாள் பேச்சு. இதையெல்லாம் சோதிர் தானே சொல்லிச் சிரிப்பார். பிறர் சொல்லுமுன் தான் சொல்லிவிட்டால் வலி பாதிதான் என்பது அவர் சிறுவயதிலேயே கண்டுபிடித்த வைத்தியம்.

டயர் தொழிற்சாலைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். தொண்ணூறுகளில் வேலை போயிற்று. வானொலி நிலையத்தில் ஒயர் சுருட்டவும், சுருட்டிய ஒயரை மறுபடி விரிக்கவும் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையில் சேர்ந்தார். அப்போது சாவு அறிவிப்புப் படித்தவர் நிஜமாகவே கனத்த குரல்காரர். ஒரு வசந்த காலத்தில் அவர் தேவாலயப் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தியோடு வியன்னாவுக்குப் போய்விட்டார். மறுநாள் பத்தே முக்காலுக்குப் படிக்க ஆளில்லை. நிலைய மேலாளர் புதிமிர் அறை அறையாக எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒயரோடு சோதிர் அகப்பட்டார்.

"நீ படி."

"நானா? என் குரல்..."

"செத்தவங்க புகார் பண்ண மாட்டாங்க. படி."

செத்தவர் பண்ணவில்லை. அவர் மகன் பண்ணினான். "எங்கப்பா கொல்லுப்பட்டறையில நாப்பது வருஷம் சம்மட்டி புடிச்சவரு. அவரு சாவை ஆட்டுக்குட்டியை விட்டா படிக்க வெச்சீங்க?" என்று நிலையத்துக்கே வந்து மேஜையைத் தட்டினான். அந்த மகனுக்குப் பதில் சொல்ல வாயெடுத்த சோதிர், நிலைமை இன்னும் மோசமாகும் என்று உணர்ந்து மூடிக்கொண்டார்.

அந்த வாரம்தான் நிலையத்துக் கிடங்கறையில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். நிலையம் இசைக்குழுக்களை வரவழைத்துப் பாட்டுப் பதிவு செய்த காலத்தது. சாம்பல் நிறம், முன்னால் இரண்டு பெரிய குமிழ், ஒரு சின்னக் குமிழ், பின்னால் கம்பி வலைக்குள், பழைய ரேடியோவில் இருப்பதுபோல, இரண்டு கண்ணாடி வால்வு. மைக்கிலிருந்து வரும் நோஞ்சான் ஒலியை வாங்கி, ஊட்டி வளர்த்து, அடுத்த இயந்திரத்துக்கு அனுப்பி வைக்கும் வால்வு ப்ரீஆம்ப் அது. போட்டால் கால் மணி நேரம் சூடேற வேண்டும் என்பதால் நிலையத்தில் அதற்கு 'அடுப்பு' என்று பெயர். புதிதாக வந்த கருவிகளில் வால்வு கிடையாது. அவை பளிங்குபோலச் சுத்தம். ஆட்டுக்குட்டியை ஆட்டுக்குட்டியாகவே கொடுக்கும்.

அடுப்பு அப்படியில்லை. இடது குமிழைத் திருப்பினால் உள்ளே போகிற ஒலி பெருக்கும். ஓர் அளவுக்கு மேல் வால்வு தாங்காது. தாங்க முடியாதபோது அது ஒலியின் முனைகளைத் தேய்த்து, உருண்டையாக்கி, தன் பங்குக்கு ஒரு கரகரப்பையும் கலந்து விடும். சத்தம் கூடிப்போகாமல் வலது குமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதாவது இடதை ஏற்று, வலதை இறக்கு. படித்தவர்கள் இதைத் திரிபு என்பார்கள், குறை என்பார்கள். சோதிருக்கு அது வயிறு. இத்தனை வருடம் அவர் குரலுக்கு இல்லாமல் போன வயிறு.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதோடு கழித்தார். மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் வாயை வைத்தால் அடிச்சத்தம் சேரும் என்று கண்டார். இரண்டு விரல் என்றால் மூச்சு இடிபோல விழும். இடது குமிழ் மூன்றில் ஆட்டுக்குட்டி கிடாவாகும். ஐந்தில் வெல்வெட். ஆறில் கனத்த துணியை மெல்லக் கிழிப்பதுபோல ஒரு பெருமிதம். எட்டில் வாய் நிறைய அவரைக் கஞ்சியை வைத்துக்கொண்டு கொப்பளிப்பவன் பேசுவதுபோல் இருக்கும். எட்டு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. புதிமிர் கெஞ்சிக் கேட்டு இறக்க வைத்தார்.

குரல் வந்ததும் மற்றதும் வந்தது. சோதிர் கறுப்பில் கழுத்து மூடிய ஸ்வெட்டர் ஒன்று வாங்கினார், வானொலியில் படிப்பதற்கு. நடையை மாற்றினார். ராக்கியாச் சாராயக் கடையில் அடிக்குரலில் "ஒரு பிளம் ராக்கியா" என்று கேட்டுப் பார்த்தார். நடுவில் இருமல் வந்து, பணிப்பெண் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

பதினொரு வருடம் இப்படிப் போயிற்று. இந்தப் பதினொரு வருடத்தில் அவர் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்துவந்தார். செத்தவர் யாரென்று பார்த்து இடது குமிழை வைப்பார். தாளின் மூலையில் பென்சிலால் எண் குறித்துக்கொள்வார். சாதாரண ஜனங்களுக்கு மூன்று. வாத்தியார், பாதிரியாருக்கு நாலு. டாக்டர், வக்கீலுக்கு ஐந்து. முன்னாள் மேயர் ஒருவர் போனபோது ஆறு. இதை அவர் மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவர் காதிலும் அது உறைக்கவில்லை.

ஒருவரைத் தவிர.

அன்று செவ்வாய்க்கிழமை, மழை. குடையை மடக்கி உதறிக்கொண்டே ஒரு பெண்மணி நிலையத்துக்குள் வந்தார். கறுப்பு உடை, ஐம்பத்தைந்துக்கு மேல் வயது, குடைக்கும் அவருக்கும் ஒரே விறைப்பு. அவர் பெயர் பெர்சிதா. தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புப் பலகையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் விதோயே, எல்லையோர ஊருக்குப் பஸ் ஓட்டியவர், மூன்று வாரம் முன்பு மாரடைப்பில் போயிருந்தார்.

"சாவு படிக்கிறவரைப் பாக்கணும்" என்றார்.

"நான்தாங்க" என்றார் சோதிர்.

பெர்சிதா அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "உன்னைக் கேக்கல தம்பி. படிக்கிறவரு."

"நான்தாங்க படிக்கிறது."

பெர்சிதா ஒரு நொடி தலையைச் சாய்த்து அவரைக் கவனித்தார். "அட ஆமா. 'ற'வை அமுக்கிறது அதே மாதிரிதான் இருக்கு. மீதியெல்லாம் எங்க போச்சு?"

"மெஷின்ல இருக்குங்க."

"சரி. அந்த மெஷினை என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் பாதி அமத்தி வெச்சீங்க?"

சோதிருக்குக் காது மடல் சூடாகிற்று. பெர்சிதா உட்கார்ந்துகொண்டார். கணவர் பெயர் படித்த அன்று இரண்டு பேர் அறிவிப்பு வந்ததாம். முதலில் மிருக வைத்தியர் சஸ்லாவ், அடுத்து விதோயே. "மாட்டு டாக்டருக்கு அடிவயித்துலேர்ந்து படிச்சீங்க. என் புருஷனுக்கு நெஞ்சுக்கு மேல படிச்சீங்க. ஒரே வாய், ஒரே நாள், நடுவுல ஒரு நிமிஷம்தான். என்ன ஆச்சு?"

"அது... அன்னிக்கு மழைங்க. லைன்ல ஈரம் ஏறிட்டா..."

"அய்யா, 'மழையினால லைன் சரியில்லை'ன்னு இந்த ஊருக்கே முப்பத்தோரு வருஷம் சொன்னவ நான். எங்கிட்டயே அதை விக்காதீங்க."

மேஜைமேல் அந்த மாதத்துத் தாள்கள் அடுக்கியிருந்தன. பெர்சிதா கேட்காமலே எடுத்துப் புரட்டினார். கணவர் பெயரைக் கண்டதும் நிறுத்தினார். மூலையில் பென்சில் எண்ணைத் தொட்டார்.

"இது என்ன மூணு?"

"வரிசை நம்பருங்க. மூணாவதாப் படிக்கணும்னு."

"அன்னிக்குச் செத்ததே ரெண்டு பேரு."

சோதிர் வாழ்க்கையில் எத்தனையோ முறை அசடு வழிந்திருக்கிறார். ஆனால் அதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க முடியாது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மாட்டு வைத்தியர் தாளில் ஐந்து இருந்ததை பெர்சிதா பார்த்துவிட்டுத் தாளை அடுக்கிலேயே திருப்பி வைத்தார். அவர் திட்டியிருந்தால் சோதிருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு சனிக்கிழமை போயி, மூணாவது சனிக்கிழமை நாப்பதாம் நாள்" என்றார் கடைசியில். "அதுக்கும் அறிவிப்புக் குடுப்பேன். ஒழுங்காப் படிங்க."

"ஆறு வெக்கிறேங்க" என்றார் சோதிர். வாய் தவறி வந்துவிட்டது.

மறுநாள் மதியம், படிப்பறை சும்மா இருக்கும் நேரத்தில் வந்து கேட்டுப் பார்க்கச் சொன்னார். பெர்சிதா வந்தார். ஹெட்போனை ஆபரேட்டர் பழக்கத்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சோதிர் இடது குமிழை ஆறில் வைத்து, நாலு விரல் தூரத்தில் குனிந்து, எங்கள் அன்புக்குரிய விதோயே என்று தொடங்கி, நாற்பதாம் நாள் பிரார்த்தனை, கல்லறை, காலை பதினொரு மணி எல்லாம் படித்து முடித்தார். நன்றாகத்தான் வந்தது. மேயருக்கு வந்ததைவிட நன்றாக.

"யாரு இவரு? பாலம் தெறக்க வந்த மந்திரியா?" என்றார் பெர்சிதா. "என் புருஷன் பாலத்து மேல பஸ் ஓட்டினவரு. இறக்குங்க."

இரண்டுக்கு இறக்கினார்.

"இது கழுவித் தொடச்ச குரல். அவரு குளிக்கிறதே சனிக்கிழமை சனிக்கிழமைதான்."

"அவரு குரல் எப்படிங்க இருக்கும்?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. பெர்சிதா யோசித்தார்.

"பெரிய குரல் ஒண்ணும் இல்ல. 'பின்னாடி போங்க, பின்னாடி போங்க'ன்னு முப்பது வருஷம் கத்தி ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. சிகரெட்டு வேற. ஆனா காலைல எழுந்ததும் 'காப்பி போட்டாச்சா'ன்னு கேப்பாரு பாருங்க, அந்த நேரம் ஒரு நல்ல கரகரப்பு இருக்கும். ரெண்டு வாய் காப்பி உள்ள போனதும் மறைஞ்சிடும். எனக்கு அதுதான் வேணும். காப்பிக்கு முந்தினது."

சோதிர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வந்தார். வால்வுத் தொழிற்சாலை இருந்த நீஷ் நகரத்திலிருந்து வாங்கி வந்த பழைய வால்வுகள். அந்த ஊரில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் நாலு வால்வு உருளும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, முதல் வால்வைக் கழற்றினார். மாற்று வால்வைச் செருகிச் சூடேற்றி, பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். ஒன்று மணிபோல் கணீரென்றது, கூடாது. ஒன்று நல்ல இளைஞன், அவனுக்குக் காப்பியே தேவைப்படாது. நாலாவதாகக் கிடைத்தது உழைத்துத் தேய்ந்த ஒரு வால்வு. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் லேசாகச் சரசரத்து, முடிவில் தெளிந்துவிடும். இடது குமிழ் நாலரை. சின்னக் குமிழைத் திருகிக் குரலின் மினுக்கைக் குறைத்தார். மைக்கிலிருந்து ஒரு சாண் பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். இது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பின்னால் போகப் போகத் தன் வயிறு கரைவதை அவர் காதே சொல்லிற்று. இருந்தும் போனார். பெரிய மனிதன்போலப் படிக்காமல், பஸ் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோலப் படித்தார்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். பெர்சிதா ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லுங்க அவரை" என்றார். "இப்பதான் கூடத்தைத் தொடச்சேன்."

அந்த அறிவிப்பு போன அன்று பஸ் நிலையத்தில் டிரைவர்கள் எல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். விதோயே மேலேயிருந்து தானே படிக்கிறாரோ என்று ஒருவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாராம். சோதிர் பென்சிலைத் தூக்கிப் போட்டார். தாள் கொண்டுவருகிறவர்களிடம், "அவங்க குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கேட்டது வினையாயிற்று. ஊர் திரண்டு வந்தது. பால்கடை வைத்திருந்த அம்மாளின் மகள்கள் இருவர், ஒருத்தி அம்மா குரல் வெண்ணெய் என்றும், மற்றவள் ரம்பம் என்றும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டும் உண்மை என்று தெரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மூத்தவளிடம் ஒரு குரல், இளையவளிடம் ஒரு குரல். ஒருவர் மாமியாருக்காக வந்தார். "சூடு கீடு எதுவும் ஏத்தாதீங்க. சுத்தமா, சில்லுன்னு இருக்கட்டும். அவங்க அப்படித்தான் இருந்தாங்க." செத்துப்போன வக்கீலின் வீட்டார், ஒரு பஸ் டிரைவருக்கு வால்வு மாற்றியிருக்கும்போது எங்களுக்கு ஏன் இருக்கிற வால்வு என்று கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இன்னும் சாகாத ஒருவர் முன்கூட்டியே அளவு கொடுக்க வந்தார்.

புதிமிர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது வானொலியா தையக்கடையாய்யா? டேப்பை மட்டும் கழுத்துல மாட்டிக்கோ. சரியா இருக்கும்."

சந்தேகம் வந்தால் சோதிர் பெர்சிதாவைக் கூப்பிட்டுக் கேட்பார். பெர்சிதாவுக்கு ஊரில் பாதிப் பேர் குரல் மனப்பாடம். "வக்கீலா? அவரு எங்கிட்ட நம்பர் கேக்கும்போதே மூக்கால கேப்பாரு. அடியைக் குறைங்க" என்பார். பிறகு கூப்பிடாமலே வர ஆரம்பித்தார். வரும்போது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி எடுத்துவருவார். இவரும் அவர் வீட்டுக்குக் காப்பிக்குப் போனார். அங்கே அடுப்பு கிடையாது, அதாவது இவருடைய அடுப்பு. அதனால் இவர் பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டினார். ஒருநாள் துணிந்து அடிக்குரலில், "காப்பி பிரமாதம்" என்றார்.

"தொண்டைல என்ன, மீன் முள்ளா?" என்றார் பெர்சிதா.

ஒரு வருடம் போயிற்று. பெர்சிதாவின் துக்கக் கறுப்பு உடை பழுப்பாயிற்று, பழுப்பு நீலமாயிற்று. நீலத்தைக் கண்டதும் சோதிருக்குத் தைரியம் வந்தது. மனசில் இருந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் எந்தக் குரலில்? ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் தேடித் தேடிக் குரல் பொருத்திய மனிதர், தனக்கென்று வந்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நேராக ஆறு. மேயர் குரல். நிலையத்தில் யாருமில்லாத ஞாயிறு மதியம் மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் குனிந்து ஒரு கேசட்டில் பதிவு செய்தார். பின்னணியில் ஏதாவது இசை இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று கைக்கு முதலில் அகப்பட்ட வயலினைப் போட்டார். தொடக்கம் வாயில் தானாக வந்து விழுந்தது: எங்கள் அன்புக்குரிய பெர்சிதா.

கேசட்டை அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த தெரு வழியாகச் சுற்றி, திருடன்போல வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஜூலை மாதம். எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது. பெர்சிதா மறுநாள் நாலு மணிக்கு மாவு பிசைந்துகொண்டே சமையலறை ரேடியோவில் கேசட்டைப் போட்டார். கீழே பெஞ்சில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து அழுமூஞ்சி வயலின் இறங்கி வந்தது. அதன் பின்னால் சாவுக் குரல் வந்தது. அதன் பின்னால் பெர்சிதாவின் பெயர் வந்தது.

நாலரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பெர்சிதா மாவுக் கையோடு திறந்தார். வாசலில் மூன்று பெண்கள், கையில் மெழுகுவத்தி. கதவைத் திறந்த ஆளைக் கண்டதும் ஒருத்தி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் இன்னொருத்தி எல்லையோர ஊரில் இருக்கும் பெர்சிதாவின் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்தாயிற்று. நிலையத்தில் புதிமிருக்கு வந்த அழைப்புகளில் பாதி அனுதாபம், பாதி, வழக்கமில்லாத வழக்கமாக நாலு மணிக்கு எப்படி அறிவிப்பு என்ற விசாரணை.

மறுநாள் பதினொரு மணி அறிவிப்பு முடிந்ததும் பெர்சிதா நிலையத்துக்கு வந்தார்.

"யாரு செத்தது?" என்றார்.

சோதிர் எழுந்து நின்றார். "யாரும் சாகலைங்க."

"நான் செத்தேன். நேத்து நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும். ரெண்டு மணி நேரம். என் அக்கா பஸ்ஸுல வழி பூரா அழுதுட்டு வந்தா. வந்து பாத்தா நான் பூரெக் சுட்டுட்டு இருக்கேன். உயிரோட இருக்கேன்னு சந்தோஷப்பட்டாளா? டிக்கெட் காசு வீணாப் போச்சுன்னு கோவம். சாப்பிட்டுட்டு, மிச்சத்தையும் கட்டி எடுத்துட்டுப் போனா."

"நான் சொன்னதைக் கேட்டீங்களா?"

"எங்க கேட்டேன்? அந்தக் குரல்ல என் பேரைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாடியைப் புடிச்சுப் பாத்தேன். மெஷினை நிறுத்திட்டேன்." பெர்சிதா கேசட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் மாவு ஒட்டியிருந்தது. "சொல்ல வந்ததைச் சொல்லுங்க. இங்கயே. அது இல்லாம."

சோதிர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். வால்வு இரண்டும் இன்னும் செம்மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தார். முதல் சொல்லே மேலே ஏறி ஒடிந்தது.

"மதியம்... மதியம் தனியாச் சாப்பிட எனக்குப் பிடிக்கல. உங்ககூடச் சாப்பிடலாமான்னு..."

"அவ்வளவுதானா? இதுக்கா வயலின்?"

"கல்யாணமும் பண்ணிக்கலாமான்னு." இது இன்னும் உயரத்தில் போயிற்று. அடுத்த அறையில் தட்டச்சு நின்றது.

பெர்சிதா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு காதைச் சாய்த்து, தூரத்து ஊரிலிருந்து வரும் அழைப்பைக் கேட்பதுபோல.

"கல்யாணம் வேணாம்" என்றார். "பண்ணிக்கிட்டா விதோயேவோட பென்ஷன் நின்னுடும். நான் பிரோத்காரி. கஞ்சத்தனத்துக்குப் பேர் போன ஊரு இது. பென்ஷனை விட்டுட்டுப் புருஷனைப் புடிச்சேன்னு தெரிஞ்சா ஊரை விட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க."

"சரிங்க."

"சாப்பாட்டுக்கு வாங்க. பன்னண்டரைக்கு. லேட்டானா ஆறிடும்."

"என் குரல் உங்களுக்கு..."

"இதைவிட மோசமான லைன்லாம் கேட்டிருக்கேன். எல்லை தாண்டி வர்ற சோஃபியா லைனை நீங்க கேட்டதில்லையே."

சோதிர் பன்னிரண்டே காலுக்கே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் சோதிரை அவரைக்காய்ப் பானைக்கு முன்னால் உட்கார வைத்து, என்ன வேண்டுமானாலும் பேசலாம், அடித்தொண்டையை மட்டும் உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார் பெர்சிதா. இவர் பேச ஆரம்பித்தார். ஐம்பத்து மூன்று வருடம் விரலால் காட்டியும் தலையை ஆட்டியும் மிச்சப்படுத்தி வைத்ததெல்லாம் அவிழ்ந்தது. கிடங்கு, ராணுவம், வியன்னாவுக்கு ஓடிய அறிவிப்பாளர், வால்வுகளில் எது எப்படி என்று மாலை வரை பேசினார். மூன்றாம் வாரம் பெர்சிதா, சாப்பிடும்போது மட்டுமாவது வாயை மூடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மட்டும் பழையபடி அடுப்பைப் போட்டுக்கொண்டு படித்தார். செத்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

செப்டம்பரில் மிளகாய்ப் பருவம். ஊரே பால்கனிக்குப் பால்கனி தகர அடுப்பு வைத்துச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தது. பெர்சிதா வீட்டுப் பால்கனியில் இருபது கிலோ. சோதிருக்குத் தோல் உரிக்கும் வேலை. உரித்ததில் பாதிச் சதை தோலோடு போயிற்று. பூண்டு போடலாமா கூடாதா என்று சண்டை வந்து, போடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அரைத்த விழுதைக் கிளறிக் கிளறித் தோள் வலித்த பிறகு, குளிர்காலத்துக்காகப் பாட்டில்களில் அடைத்தார்கள். மூடி இறுக்குகிற பொறுப்பை, ஆண்பிள்ளைக் கை என்பதால், சோதிரே கேட்டு வாங்கிக்கொண்டார். டிசம்பரில் திறந்து பார்த்தபோது பதினெட்டில் ஐந்து, மூடி சரியாக இறுகாமல், நுரைத்துப் பொங்கியிருந்தன. ஐந்தையும் பெர்சிதா அவர் கையாலேயே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். பனியில் வழுக்கி, ஐந்தாவது பாட்டிலை அவர் தம் கறுப்பு ஸ்வெட்டர் மேலேயே கொட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.